வாசகர் கேள்வி – பதில்: மண்டரின் தோட்டம் போடலாமா?

இரண்டு இதழ்களுக்கு முன்னர் தேசிக்காய்க் குடும்பத்துப் பயிர்களைப் பற்றி எழுதியபோது, மண்டரின் தோடையை ஒரே ஒரு வரியில் தொட்டுச் சென்றிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலும் அதைச் சுற்றியும் வசிப்பவர்கள். காணி வேறு மாவட்டத்தில் இருக்கிறது, மனம் அந்தக் காணியில் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தப் பழத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பெயர் குறித்து முதலில் ஒரு விளக்கம். நம்மவர்கள் தோடம்பழம் என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு பழங்கள் அடங்கிவிடுகின்றன. தோல் இறுக்கமாக ஒட்டியிருக்க, கத்தியால் வெட்டிச் சாறு பிழிவது ஒன்று. பிபிலைத் தோடை அவ்வகையைச் சேர்ந்தது. தோல் தளர்ந்து, விரலால் உரித்துச் சுளை சுளையாகப் பிரித்து உண்ணக்கூடியது மற்றொன்று. அதையே மண்டரின் என்கிறோம். சிங்களத்தில் ஜமநாரங் என்றும், தமிழகத்தில் கமலா ஆரஞ்சு என்றும் வழங்குவது இதுவே. கீழுள்ள பதில்கள் இந்த இரண்டாவது வகைக்கு உரியவை.

கேள்வி: என் கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பசறையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பழைய தேயிலைக் காணி கைவிடப்பட்ட நிலையில் கிடக்கிறது. அதில் மண்டரின் வைத்தால் இலாபம் வரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இறங்கலாம், அம்மா. ஆனால் ஓய்வூதியத்துக்குத் துணையாக அடுத்த ஆண்டே பணம் வரவேண்டும் என்று எண்ணியிருந்தால் இது அதற்கான பயிர் அன்று. ஒட்டுக்கன்று நட்ட மூன்றாம் ஆண்டில் சில காய்களைக் காணலாம். சந்தைக்கு அனுப்பக்கூடிய விளைச்சல் ஐந்தாம் ஆண்டளவில்தான் வரும். அதுவரை காணிக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும், திரும்பி வராது. அந்த நான்கு ஆண்டுகளைத் தாங்கக்கூடிய கையிருப்பு உங்களிடம் இருக்கிறதா என்பதே நீங்கள் இருவரும் அமர்ந்து பேச வேண்டிய முதல் விடயம்.

உங்கள் காணியின் இடம் நல்லது. பகலில் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமும், இரவில் ஓரளவு குளிரும், ஆண்டில் தெளிவான ஒரு வறட்சிக் காலமும் இப்பயிருக்குப் பிடித்தமானவை. ஓரிரு மாதம் மண் காய்ந்து, அதன்பின் மழை விழும்போதுதான் மரம் ஒரே தடவையில் பூக்கும். மழை ஓயாத ஈரவலயத்தில் மரம் தழைத்து நிற்கும், பூ மட்டும் சிதறிச் சிதறி வரும். பசறைப் பக்கத்தில் ஆடி, ஆவணி வெயில் உங்களுக்கு இந்த வேலையைச் செய்து தரும்.

மண்தான் கவலைக்குரியது. தேயிலைக்குப் பல ஆண்டுகள் பசளை இட்ட நிலம் புளித்துப் போயிருக்கும். மண்டரினுக்கு 5.5 முதல் 6.5 வரையிலான பி.எச். பெறுமானம் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) உகந்தது; பழைய தேயிலை மண் பெரும்பாலும் அதற்குக் கீழே கிடக்கும். மண்ணைப் பரிசோதித்து, சொல்லப்படும் அளவுக்கு, புளிப்பைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்பு இட்டு, சில மாதங்கள் ஆறவிட்ட பிறகே குழி வெட்டுங்கள். பழைய தேயிலைக் கட்டைகளை வேரோடு அகற்றாமல் நடவேண்டாம். உக்கும் வேர்களில் வளரும் பூஞ்சணம் புதிய கன்றின் வேருக்கும் தாவும். கட்டைகளைப் பிடுங்குவதற்கு முன்னர், அனுமதி தேவையா என்று தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபையின் பிரதேச அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சரிவான காணி என்றால் சமவுயரக் கோட்டில் வடிகால் வெட்டியபின்தான் மற்றெல்லாம். மண்டரின் வேர் வறட்சியைக்கூடச் சில காலம் பொறுக்கும், தேங்கிய நீரை ஒரு வாரம்கூடப் பொறுக்காது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வடிகாலுக்கும் பாதைக்கும் அரை ஏக்கரை விட்டுவிட்டு, ஓர் ஏக்கரில் நடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீற்றர் இடைவெளியில் ஏறத்தாழ 110 குழிகள் வரும். பாறையும் மூலையும் போக 100 மரம் என்று எண்ணுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமான குழியை அலவாங்கும் மண்வெட்டியுமாக ஒருவர் ஒரு நாளில் எட்டு அல்லது பத்துத்தான் வெட்டுவார். ஆகவே குழிக்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு நாட்கூலி. செத்துப்போகும் கன்றுகளுக்குப் பதிலாக நட, பத்துக் கன்று கூடுதலாக வாங்க வேண்டும். இதனுடன் மாட்டெரு, கூட்டெரு, முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர், ஆண்டுக்கு நான்கு தடவையாவது களையெடுப்பு ஆகியவற்றை உங்கள் ஊர்க் கூலியில் எழுதிக் கூட்டுங்கள்.

வரவை எழுதும்போது கையை இறுக்கிப் பிடியுங்கள். ஆறாம் ஆண்டில் மரத்துக்கு 20 கிலோ என்று வைத்தால் 2,000 கிலோ. பழ ஈ, வெடிப்பு, உதிர்வு என்று பத்தில் ஒன்றைக் கழித்தால் 1,800 கிலோ. மண்டரின் ஓராண்டு அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு ஓய்ந்துவிடும் இயல்புள்ளது. ஆகவே நல்ல ஆண்டொன்றின் விளைச்சலை மட்டும் வைத்து ஆசைப்படாமல், இரண்டு ஆண்டுகளின் சராசரியை எடுங்கள். முதல் நான்கு ஆண்டுச் செலவைப் பத்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வோர் ஆண்டின் பராமரிப்புச் செலவுடன் சேருங்கள். அந்தக் கூட்டுத்தொகை உதாரணமாக 180,000 ரூபா என்று வந்தால், 1,800 கிலோவுக்கு உங்கள் அடக்கவிலை கிலோவுக்கு 100 ரூபா. இத்தொகை வகுக்கும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டது. உங்கள் தொகை வேறாக இருக்கும். வெள்ளவத்தைக் கடையில் நீங்கள் கொடுக்கும் சில்லறை விலையின் பாதிக்குள் அந்த அடக்கவிலை அடங்குமானால் தொழிலில் இறங்குங்கள். அடங்காவிட்டால் மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வீட்டுத் தேவைக்கும் அயலவருக்கும் போதுமானதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகள் மரங்களுக்கு இடையே நிலம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. போஞ்சியும் கௌபியும் நல்ல துணைப்பயிர்கள். அடிமரத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளியே விதைக்க வேண்டும். கிளிசிறிடியாவை வேலியில் வைத்தால் அதன் தழையே மூடுபடையாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு, இரவு பஸ் ஏறி, விடியப் பதுளையில் இறங்கி, மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்துச் செய்யக்கூடிய பயிர் இது அன்று. இளந்தளிர் வரும் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது இலையைத் திருப்பிப் பார்க்கும் கண் வேண்டும். உங்கள் கணவர் ஆண்டில் பாதியையாவது அங்கே கழிக்க மனமிருந்தால், அதுவே இந்தத் தோட்டத்தின் மிகப் பெரிய முதலீடு.

கேள்வி: சென்னைக்குப் போய் வரும்போது நாக்பூர்க் கமலாக் கன்றுகள் பத்துப் பன்னிரண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கே கிடைக்கும் கன்றுகளைவிட அவை தரமானவை அல்லவா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் இருப்பதே இதற்காகத்தான். ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் தடுக்கவில்லை. கன்றுடன் என்ன வரக்கூடும் என்பதை எண்ணித் தடுக்கிறேன்.

தேசிக்குடும்பத்தை அழிக்கும் நோய்களில் கொடியது பச்சையாதல் நோய். சீன மொழியில் இதற்கு மஞ்சள் தளிர் நோய் என்று பொருள்படும் பெயர். மரத்தின் உணவுக்குழாய்களில் வாழும் ஒரு பற்றீரியாவே காரணம். சிற்றா எனப்படும், கடுகை விடச் சற்றே பெரிய சாறு உறிஞ்சும் பூச்சி ஒன்று மரத்துக்கு மரம் இதைக் காவிச் செல்கிறது. நோயுற்ற மரத்தில் எடுத்த அரும்பை ஒட்டினாலும் நோய் புதிய கன்றுக்குப் போய்விடும். மருந்து கிடையாது. அமெரிக்காவின் புளோரிடாவில் இந்நோய் 2005ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் 2003–04 பருவத்தில் அங்கே 240 மில்லியன் பெட்டிக்கு மேல் தோடம்பழம் விளைந்தது. 2022–23 பருவத்தில் 16 மில்லியன் பெட்டியளவுக்கு இறங்கிவிட்டது. புயல்களும் சேர்ந்தே அந்த வீழ்ச்சியை உண்டாக்கின என்றாலும் அடிவேரை அறுத்தது இந்நோய்தான். அத்தனை பணமும் ஆராய்ச்சியும் உள்ள நாட்டில் இதுதான் நிலை. இந்நோய் இலங்கையிலும் இருக்கிறது. அதற்கு மேலும் புதிதாக அழைத்துவர வேண்டாம்.

தரத்தைப் பற்றியும் ஒரு சொல். நாக்பூர்ப் பழத்தின் செம்மஞ்சள் நிறம் அவ்வூர்க் குளிர்கால இரவுகள் கொடுத்தது. அதே கன்றைக் கம்பகாவில் நட்டால் பழம் பச்சையாகத்தான் பழுக்கும்.

உள்ளூரில் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை என் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். விவசாயப் போதனாசிரியராக நான் பணி தொடங்கிய புதிதில், என் மாமாவின் காணிக்காக வீதியோர நாற்றுமேடை ஒன்றில் 40 ஒட்டுக்கன்றுகள் வாங்கிக் கொடுத்தேன். வாடகை வாகனத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் ஒவ்வொரு கன்றின் அடித்தண்டையும் குனிந்து பார்க்கவில்லை. ஆறு ஆண்டுகள் சென்றன. மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் போயின, விரல் நீள முட்கள் வந்தன, காய் வரவில்லை. அவை விதையில் இருந்து முளைத்த கன்றுகள். ஒட்டு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எட்டாம் ஆண்டில் முதற்பழம் பறித்தபோது எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்பினார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அன்று முதல் கன்று வாங்கப் போனால் நான் மண்டியிட்டுத்தான் பார்ப்பேன். நிலத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில், தண்டு சற்றே கோணி, மேலும் கீழும் பட்டையின் நிறம் வேறுபடும் இடம் தெரிய வேண்டும். அதுவே அரும்பு ஒட்டிய இடம். அதற்குக் கீழிருந்து தளிர் எதுவும் வந்திருக்கக் கூடாது. வேர் பைக்குள் சுருண்டிருக்கக் கூடாது. அதன்பின் நாற்றுமேடைக்காரரிடம், அரும்பு எடுத்த தாய்மரம் எங்கே நிற்கிறது, பூச்சி புகாத வலைக்கூடத்துக்குள் நிற்கிறதா, வெளியில் நிற்கிறதா என்று கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தில் பதிவு செய்து, கன்றுகளுக்கு அத்தாட்சி பெற்ற நாற்றுமேடையாக இருந்தால் இதற்கு நேரான பதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அண்மையில் உள்ள பதிவு பெற்ற நாற்றுமேடைகளை அறிய, திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

விதைக்கன்றுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. மண்டரினில் பல இனங்களின் விதை, தாயைப் போன்ற கன்றையே தரும். பச்சையாதல் நோயும் விதை வழியாகப் பரவுவதில்லை. பொறுமை உள்ளவரின் கொல்லையில் அது நீண்டநாள் வாழும் மரம். தொழிலுக்கு மட்டும் அது உதவாது.

கேள்வி: வவுனியாவில் என் தம்பி பராமரிக்கும் 30 மண்டரின் மரங்களின் இலைகள் மஞ்சளாகின்றன. ஒருவர் பசளை போதாது என்கிறார். இன்னொருவர் நோய், எல்லாவற்றையும் வெட்டி எரி என்கிறார். சில இலைகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். – வாசகர், தெஹிவளை

பதில்: பழைய செய்தித்தாளுக்குள் நீங்கள் மடித்து வைத்திருந்த ஏழு இலைகளும் வாடாமல் வந்து சேர்ந்தன. அவற்றை யன்னல் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒட்டி, பின்னால் வெளிச்சம் வர வைத்துப் பார்த்தேன்.

ஐந்து இலைகள் வழக்கத்தைவிடச் சிறியவை, நுனி ஒடுங்கியவை. நடுநரம்பும் பக்க நரம்புகளும் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சள் படிந்திருக்கிறது. நடுநரம்பு வழியாக இலையை மடித்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. ஒரு பாதியில் மஞ்சள் உள்ள இடத்தில் மறுபாதியிலும் மஞ்சள். இது துத்தநாகக் குறைபாட்டின் முகம். உங்கள் பகுதிக் கிணற்று நீரில் சுண்ணாம்புத்தன்மை அதிகமாக இருந்தால், ஆண்டுக்கணக்காக அதைப் பாய்ச்சும்போது மண்ணின் பி.எச். ஏறிவிடும், மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேற்றும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து வடிகட்டி, புதிய தளிர் முக்கால்வாசி விரிந்த நிலையில், வெயில் ஏறுமுன் இலையில் தெளிக்கச் சொல்லுங்கள். அடுத்த தளிர் பச்சையாக வந்தால் நோயறிதல் சரி என்று கொள்ளலாம். இயன்றவரை மழைநீரைச் சேர்த்துப் பாய்ச்சுவதும், கூட்டெருவை அதிகரிப்பதும் நீண்டகாலத் தீர்வு.

மற்ற இரண்டு இலைகள்தான் என்னை யோசிக்க வைத்தன. அவை பெரிய, தடித்த இலைகள். மஞ்சள் திட்டுக்கள் நரம்பைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் சென்றிருக்கின்றன. பேனாவால் நடுநரம்பின் இருபுறமும் நேர்க்கு நேராக இரண்டு வட்டங்கள் வரைந்து பார்த்தேன். இடப்புற வட்டத்துக்குள் மஞ்சள், வலப்புற வட்டத்துக்குள் கடும்பச்சை. பாதிக்குப் பாதி பொருந்தாத இந்தத் திட்டுதான் பச்சையாதல் நோயின் முதற் சந்தேகம். உங்கள் தம்பியிடம் கேளுங்கள்: அந்த இரண்டு இலைகளும் ஒரே மரத்தில், ஒரே கிளையில் பறித்தவையா? அக்கிளையின் காய்கள் ஒருபக்கம் சூம்பிக் கோணலாக இருக்கின்றனவா? பழுக்கும் காலத்தில் காம்புப் பக்கம் நிறம் மாறி அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கிறதா? வெட்டினால் விதைகள் கறுத்துச் சூம்பிக் கிடக்கின்றனவா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால், அந்த மரத்தை மட்டும் விவசாயப் போதனாசிரியர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆய்வுகூடப் பரிசோதனையால்தான் இதை உறுதிப்படுத்த முடியும். உறுதியானால் அந்த மரத்தை வெட்டத்தான் வேண்டும். முப்பதையும் அல்ல.

மற்ற மரங்களைக் காக்க, தளிர் விடும் காலத்தில் சிற்றாவைத் தேட வேண்டும். வளர்ந்த பூச்சி தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, இலையில் சாய்வாக முள் குத்தியதுபோல் நிற்கும். அந்த நிலையை ஒரு தடவை கண்டுகொண்டால் மறக்காது. அதன் குஞ்சுகள் தளிர்க்காம்பில் கூட்டமாக இருந்து வெள்ளை மெழுகு இழைகளை விடும். நம் வீடுகளில் கிணற்றடியில் நிற்கும் கறிவேப்பிலையும் இப்பூச்சிக்கு விருப்பமான இடம். கறிவேப்பிலை நோயைத் தாங்குவதில்லை. பூச்சியை மட்டும் வளர்த்துக் கொடுக்கிறது. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதை அடிக்கடி ஒடித்துக் குட்டையாக வைத்திருங்கள், அல்லது காணியின் மறுகோடிக்கு மாற்றுங்கள்.

ஒரு வேண்டுகோள். இனி எவரும் இலை அனுப்புவதாக இருந்தால், பூச்சி ஒட்டியிருக்கவில்லை என்று உறுதி செய்து, பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடி அனுப்புங்கள். தெளிவான ஒளிப்படம் அதைவிட நல்லது.

கேள்வி: கேகாலையில் உள்ள என் மரங்களின் பழம் தேன் போல இனிக்கிறது, ஆனால் தோல் பச்சையாகவே இருக்கிறது. புறக்கோட்டை வியாபாரி ‘காய்’ என்று சொல்லித் திருப்பிவிடுகிறார். நிறம் வர என்ன மருந்து இடலாம்? – வாசகர், வத்தளை

பதில்: உங்கள் பழத்தில் குறை இல்லை. இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே இறங்கும் ஊர்களில், தோலின் பச்சையம் சிதைந்து அதன் அடியில் உள்ள மஞ்சள் நிறப்பொருள் வெளியே தெரிகிறது. கேகாலையில் அப்படியான இரவு வருவதில்லை. ஆகவே உள்ளே இனிப்பு முதிர்ந்தாலும் தோல் பச்சையாகவே நிற்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை கொழும்பில் குவியும் பாகிஸ்தானின் கின்னோ என்ற மண்டரின் வகைப் பழம், பஞ்சாபின் குளிர்காலத்தைத் தோலில் ஏற்றிக்கொண்டு வருவது. நம் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிட்டது. அதனால் நம் மரத்துப் பழம் நம் ஊரிலேயே காய் என்று பெயர் வாங்குகிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது.

பெரிய ஏற்றுமதி நாடுகளில், மூடிய அறைக்குள் மிகச் சிறிய அளவு எதிலீன் வாயுவை விட்டு, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தி, பச்சையைப் போக்குகிறார்கள். அதற்குரிய அறையும் கருவியும் இல்லாமல் சிறு விவசாயி செய்யக்கூடியது அன்று. காபைட் கல்லைக் கனவிலும் தொடவேண்டாம். அதில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும், உண்பவரும் பாதிக்கப்படுவார், கையாள்பவரும் பாதிக்கப்படுவார். அத்துடன் மாம்பழம், வாழைப்பழம் போலப் பறித்தபின் பழுக்கும் இயல்பு மண்டரினுக்கு இல்லை. மரத்தில் என்ன இனிப்பு இருந்ததோ அதுவே இறுதி இனிப்பு. நிறத்தை மாற்றினால் இனிப்புக் கூடாது.

ஆகவே மருந்தைத் தேடாமல் வாங்குபவரைத் தேடுங்கள். கொழும்பு மக்கள் பச்சைத் தோல் பிபிலைத் தோடையைத் தயங்காமல் வாங்கிச் சாறு பிழிகிறார்கள். அப்பழம் பச்சையாக இருந்தாலும் இனிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மண்டரினைப் பற்றி இன்னும் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மொத்தச் சந்தைக்கு, அதாவது 2020 நவம்பரில் புறக்கோட்டையில் இருந்து பேலியகொடைக்கு மாறிய மெனிங் சந்தைக்கு, முதலில் கொண்டுபோகாதீர்கள். அங்கே நிறத்தைப் பார்த்தே விலை சொல்வார்கள். வத்தளையில் உங்களை அறிந்த இரண்டு பழக்கடைகளுக்கு ஒவ்வொரு பெட்டி கொடுங்கள். ஒரு பழத்தை உரித்து, சுளைகளைத் தட்டில் வைத்து, ஊரின் பெயரை எழுதிய அட்டையுடன் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு சுளையை வாயில் இட்ட பிறகு தோலின் நிறத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு புளித்த பழம்கூட இருக்கக் கூடாது. பறிக்குமுன் மரத்தின் நான்கு திசையிலும் உயரத்திலும் தாழ்விலும் ஒவ்வொரு பழம் எடுத்து உண்டு பாருங்கள்; நிழற்பக்கத்துப் பழம் பிந்தித்தான் இனிக்கும், அதை இரண்டாம் பறிப்புக்கு விடுங்கள்.

இறக்குமதிப் பழத்தின் விலை அதன்மீதான இறக்குமதி வரியுடனும் டொலரின் பெறுமதியுடனும் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தை நம்பி உங்கள் விலையைத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: பூச்சிமருந்து அடிக்காமல் மண்டரின் வளர்க்க முடியுமா? – வாசகி, மட்டக்குளி

பதில்: பெருமளவுக்கு முடியும். இளங்கன்றை மொட்டையடிக்கும் புழு, தேசி வண்ணத்துப்பூச்சியினுடையது. சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு செந்நிறக் கொம்பை நீட்டி மணம் வீசும். நூறு கன்றுக்குக் காலையில் ஒரு சுற்று நடந்து கையால் பொறுக்கினால் போதும். பழ ஈக்கு, விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கிக் கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுவதும், ஆண் ஈக்களை மணத்தால் ஈர்க்கும் மீதைல் யூஜினோல் பொறி தொங்கவிடுவதும் உதவும். அடிமரப் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தால் அது பூஞ்சணம். போர்டோக் கலவை பூசலாம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லீற்றர் நீர் என்பது அதன் அளவு. இரண்டையும் வெவ்வேறு பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பின்னரே ஒன்றாக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சற்றுநேரம் வைத்து எடுத்தால் அதில் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

முசுறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் இந்தச் சிவப்பு எறும்புகளை, தோடை மரங்களைக் காப்பதற்காகக் கூட்டோடு பைகளில் கட்டிச் சந்தையில் விற்றதாகத் தென்சீனத்தில் கி.பி. 304ஆம் ஆண்டளவில் எழுதிவைத்திருக்கிறார்கள். பறிப்பவரை அவை கடிக்கும், மாவுப்பூச்சியை வளர்க்கவும் செய்யும் என்றாலும், உயரமான மரங்களில் நான் அவற்றை அழிக்கச் சொல்வதில்லை.

கேள்வி: கடலோர மாடி வீட்டின் பல்கனியில் சாடியில் வளருமா? – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: ஆறு மணி நேர வெயில் நேரடியாக விழுந்தால் வளரும், சில பழங்களும் தரும். உப்புக்காற்று இலையைக் கருக்கும் என்பதால் கடலைப் பாராத பக்கத்தில், ஒன்றரை அடி விட்டமுள்ள சாடியில் வைத்து, காற்று வீசிய நாட்களில் இலைகளை நன்னீரால் கழுவுங்கள். விற்பனைக்கு அல்ல, கண்ணுக்கும் மணத்துக்கும்.

கேள்வி: பறித்த மூன்றாம் நாளே எங்கள் பழங்கள் காம்படியில் அழுகிவிடுகின்றன. ஹப்புத்தளையில் இருந்து கொழும்புக்கு வருவதற்குள் பெட்டியில் கால்வாசி வீணாகிறது. – வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: கையால் இழுத்துப் பறிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மண்டரினின் தோல் தளர்வானது. இழுத்தால் காம்புடன் தோலில் ஒரு சிறு வட்டம் பிய்ந்துவிடும். அந்தத் துவாரம் வழியாகத்தான் பூஞ்சணம் நுழைகிறது. சிறிய கத்தரிக்கோலால் முதலில் காம்பைச் சற்று நீளமாக வெட்டி, பழத்தைக் கையில் எடுத்தபின் இரண்டாம் தடவை தோலுடன் ஒட்ட வெட்டுங்கள். நீண்ட காம்பு பெட்டியில் பக்கத்துப் பழத்தைக் குத்தும். பறிப்பவர் நகத்தை வெட்டியிருக்க வேண்டும். சாக்கில் கட்ட வேண்டாம். காற்றுத் துவாரமுள்ள பிளாஸ்டிக் கூடையில் செய்தித்தாள் விரித்து, மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். மழை பெய்த மறுநாள் காலையிலோ பனி உலருமுன்னோ பறிக்காதீர்கள். நீர் ஏறி விறைத்த தோலில் எண்ணெய்ப்பைகள் சிறு அழுத்தத்துக்கே உடைந்து, கசிந்த எண்ணெய் தோலைச் சுட்டுப் பழுப்புத் தழும்பாக்கிவிடும். வெயில் ஏறி இலை உலர்ந்தபின் பறித்து, மாலை வரை நிழலில் பரப்பி வைத்து, இரவு லொறியில் ஏற்றுங்கள். அடுத்த பறிப்பில் ஒரு கூடையை மட்டும் இம்முறையில் அனுப்பி, மற்றவற்றுடன் ஒப்பிட்டு, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எத்தனை பழம் அழுகியது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.